காட்டுக்குள் டிராக்டர் நின்றுவிட்டது, அவசரம்

முண்டு_மிளகாய் (காலை 10:12)
அண்ணன்மாரே, டிராக்டர் காட்டுக்குள் நின்றுவிட்டது. பின்னால் டிரெய்லரில் விறகு முழு லோடு. செல்ப் அடித்தால் ஸ்டார்ட் ஆகிறது, பத்து நிமிடம் ஓடுகிறது, அப்புறம் செத்துவிடுகிறது. காலையிலிருந்து நாலு தடவை. சாயந்தரத்துக்குள் வெளியே எடுத்தாக வேண்டும், விறகைக் கரியாக்க மூட்டம் போடுகிற ஆள் காத்திருக்கிறார். போனில் சார்ஜ் 30 தான் இருக்கிறது. சீக்கிரம் சொல்லுங்கள்.

நீலகிரிப்பனி (10:19)
எந்தக் காடு? விறகு எடுக்க வனத்துறை அனுமதி இருக்கிறதா? யானை நடமாட்டம் உள்ள இடம் என்றால் வண்டியை விட்டு இறங்காதீர்கள்.

சாயல்குடிக்காரன் (10:24)
பனி அண்ணே, எங்கள் மாவட்டத்தில் யானை பார்க்க ராமேஸ்வரம் கோயிலுக்குத்தான் போக வேண்டும். இங்கே காடு என்றால் சீமைக் கருவேலங்காடு.
தம்பி, எந்த ஊர்ப் பக்கம்? என்ன வண்டி, எந்த வருடம்? நிற்கும்போது சட்டென்று நிற்கிறதா, திணறித் திணறி நிற்கிறதா? புகை என்ன நிறம்? டீசல் எவ்வளவு?

முண்டு_மிளகாய் (10:31)
வாலிநோக்கம் உப்பளத்துக்கு வடக்கே. சிவப்பு வண்டி. டீசல் இருக்கிறது.

பட்டறைமாமா (10:38)
"சிவப்பு வண்டி, டீசல் இருக்கிறது." வைத்தியரிடம் போய் "எனக்கு உடம்பு இருக்கிறது, வலிக்கிறது" என்று சொல்வதுபோல் இருக்கிறது. இருபத்தாறு வருடமாகப் பட்டறை வைத்திருக்கிறேன், கேள்வியே தேவையில்லை. ஏர் லாக், டீசல் வருகிற வழியில் காற்று புகுந்து அடைத்திருக்கிறது. இதே பதிலை இங்கே நானே பத்துத் தடவை எழுதியிருக்கிறேன். பழசைத் தேடிப் பார்க்கும் பழக்கம் யாருக்கும் கிடையாது.
டீசல் ஃபில்டர் தலையில் ஏர் எடுக்கிற நட்டு இருக்கும். அதை அரைச் சுற்று லூஸ் செய். டீசல் பம்ப் பக்கத்தில் உள்ள கை லீவரை அடி. நுரையாக வரும். நுரை நின்று சுத்த டீசல் வந்ததும் இறுக்கு. அடுத்து பம்ப்பில் உள்ள நட்டு, அதுவும் இதே மாதிரி. அவ்வளவுதான்.

கரிமூட்டம் (10:45)
மாமா சொன்னால் சரியாக இருக்கும், ஆனாலும் ஒரு வார்த்தை. விறகு, கரி ஏற்றுகிற வண்டிகளில் நான் பார்த்தது ஏர் ஃபில்டர்தான். அடியில் உள்ள எண்ணெய்க் கிண்ணத்தைக் கழற்றிப் பாருங்கள். எண்ணெய் களிம்பாக, கரித்தூளும் புழுதியும் சேர்ந்து உளுந்து மாவு மாதிரி இருந்தால் என்ஜின் மூச்சு விட முடியாது. எங்கள் வண்டியில் ஆறு மாதம் இதே தொல்லை.

சாயல்குடிக்காரன் (10:49)
ஏர் ஃபில்டர் அடைத்தால் கறுப்புப் புகை தள்ளும், இழுவை குறையும். பத்து நிமிடம் நன்றாக ஓடிவிட்டு அணையாது. அதனால்தான் புகை கேட்டேன். தம்பி இன்னும் சொல்லவில்லை.

தொண்டிக்காற்று (10:56)
கடற்கரை வண்டி என்றால் முதலில் பேட்டரி டெர்மினல். உப்புக்காற்றில் பச்சை பூத்துவிடும். எர்த் வயரைச் சுரண்டி வாசலின் தடவுங்கள்.

பட்டறைமாமா (10:58)
ஓடிக்கொண்டிருக்கிற டீசல் என்ஜின் அணைவதற்கும் பேட்டரிக்கும் என்ன சம்பந்தம்? பெட்ரோல் வண்டியா, ஸ்பார்க் நிற்க? அவர் செல்ப் சுற்றுகிறது என்று முதல் பதிவிலேயே சொல்லிவிட்டார்.

தொண்டிக்காற்று (11:01)
புது வண்டிகளில் டீசலை நிறுத்துவதே கரண்டில் ஓடும் வால்வுதான் மாமா. எந்த வருடத்து வண்டி என்று தெரியாமல் நீங்கள் மட்டும் எப்படி ஏர் லாக் என்றீர்கள்?

பனங்காட்டான் (11:10)
வண்டியை விடுங்கள். நீங்கள் வெட்டுவது வெறும் மரம். தூரோடு தோண்டாமல் விட்டால் அடுத்த மழைக்கு ஒன்றுக்கு ஏழாகத் துளிர்க்கும். 2022இல் அரசு அந்நியக் களைத் தாவரங்களுக்கென்று தனிக் கொள்கையே வெளியிட்டது. நீங்கள் கரிக்காக மேலே மட்டும் சிரைக்கிறீர்கள்.

கரிமூட்டம் (11:17)
முதுகுளத்தூர், கடலாடி, சாயல்குடிப் பக்கம் மூன்று வருடம் மழை பொய்த்தால் அடுப்பு எரிவது இந்த மரத்தால்தான். நாலைந்து டன் விறகைப் போட்டால் ஒரு டன் கரி. பத்து நாள் மூட்டத்தோடு ராப்பகல் காவல். ஜேசிபி வைத்துத் தூர் தோண்டுகிற காசை நீங்கள் தருகிறீர்களா?

பனங்காட்டான் (11:22)
நாட்டுக் கருவேலம் இருந்த இடத்தை இது தின்றுவிட்டது. சித்திரங்குடி கண்மாயில் நாரை வந்து கூடு கட்டுவது நாட்டுக் கருவேலத்தில். அது ராம்சார் என்கிற உலக ஈரநிலப் பட்டியலில் இருக்கிற இடம். இதுவோ மெக்சிகோவிலிருந்து வந்தது.

கரிமூட்டம் (11:26)
மிளகாயும் அங்கிருந்து வந்ததுதான். 2023இல் முண்டு மிளகாய்க்குப் புவிசார் குறியீடு வாங்கும்போது யாரும் மெக்சிகோவுக்குத் திருப்பி அனுப்பவில்லையே!

நீலகிரிப்பனி (11:29)
ஆடு நெற்றைத் தின்று, புழுக்கை வழியே விதை முளைக்கும் என்கிறார்களே, உண்மையா?

சாயல்குடிக்காரன் (11:33)
உண்மை. அதைத் தனியாகப் பேசுவோம். பையன் வெயிலில் நிற்கிறான்.

முண்டு_மிளகாய் (11:52)
மாமா சொன்னபடி ஏர் எடுத்தேன். நுரை கொஞ்சம்தான் வந்தது. ஆனால் டீசலே நூல் மாதிரிதான் வருகிறது, பம்ப் அடித்தாலும் வேகம் இல்லை. ஸ்டார்ட் ஆகி மறுபடியும் பத்து நிமிடத்தில் நின்றுவிட்டது. திணறித்தான் நிற்கிறது. கறுப்புப் புகை இல்லை. அரை மணி நேரம் விட்டால் மறுபடி எடுக்கிறது. 2009 மாடல். கையில் முள் ஏறிவிட்டது.

பட்டறைமாமா (11:58)
டீசல் ஃபில்டர் அடைப்பு. இரண்டு ஃபில்டரையும் மாற்று. கேனில் கொண்டுவந்து ஊற்றுகிற டீசலில் தண்ணீர் இருந்தால் அடியில் கண்ணாடிக் கிண்ணத்தில் தெரியும்.

சாயல்குடிக்காரன் (12:03)
அடைத்த ஃபில்டர் சும்மா நின்றால் திறந்துகொள்ளாதே மாமா. ஓய்வு கொடுத்தால் எடுக்கிறது, ஓடினால் நிற்கிறது, வரத்து நூல் மாதிரி. இது டேங்க்கில் காற்று நுழையாத கதை. டீசல் இறங்க இறங்க மேலே காற்று வர வேண்டும். டேங்க் மூடியில் இருக்கிற சின்னத் துவாரம் அடைத்தால் உள்ளே வெற்றிடம் பிடித்துக்கொள்ளும், டீசல் இறங்காது. நிறுத்தி வைத்தால் எங்கோ ஒரு கசிவில் காற்று மெல்ல உள்ளே போகும், மறுபடி ஓடும்.
தம்பி, மூடியைத் திறந்து பார். "புஸ்" என்று சத்தம் வந்தால் அதுதான்.

முண்டு_மிளகாய் (12:09)
மூடி இல்லை அண்ணே.

சாயல்குடிக்காரன் (12:10)
என்னது?

முண்டு_மிளகாய் (12:14)
போன மாதமே தொலைந்துவிட்டது. பாலித்தீன் கவரை இரண்டாக மடித்து மூடி, பழைய டியூப் ரப்பரை இழுத்துக் கட்டியிருக்கிறேன். முள்ளிலை டீசலில் விழக் கூடாது, ஆளில்லாதபோது யாரும் எடுக்கவும் கூடாது என்று நேற்று இன்னும் இறுக்கினேன். அதைச் சொல்ல வேண்டும் என்று தோன்றவில்லை. இப்போது பார்த்தால் கவர் உள்ளே குழிந்து, மோர்க் குழம்பு ஊற்றுகிற கிண்ணம் மாதிரி இருக்கிறது.

தொண்டிக்காற்று (12:16)
ஐயோ.

பட்டறைமாமா (12:20)
முதலிலேயே மூடி பற்றிச் சொல்லியிருந்தால் இரண்டு நிமிட வேலை. நானும் டீசல் வரத்து என்றுதான் சொன்னேன், பதிவு சாட்சி.

சாயல்குடிக்காரன் (12:23)
ரப்பரை வெட்டிவிடு. கவரைத் தூக்கியதும் ஒரு சத்தம் வரும். அப்புறம் சுத்தமான பருத்தித் துணியை லேசாகக் கட்டு, காற்று போகட்டும். மறுபடி ஒருமுறை ஏர் எடு. என்ஜினுக்குள் டீசல் பீய்ச்சுகிற நாசிலின் குழாய் நட்டை லூஸ் செய்து சுற்றிப் பார்க்கலாம் என்று யாராவது சொன்னால், பீய்ச்சுகிற இடத்துக்கு முன்னால் கையை வைக்காதே. அழுத்தத்தில் டீசல் ஊசி மாதிரி தோலுக்குள் போய்விடும், வெளியே சின்னப் புள்ளிதான் தெரியும். அப்படிப் பட்டுவிட்டால் வலி இல்லாவிட்டாலும் உடனே ஆஸ்பத்திரி.
இன்னொன்று: சைலன்சர் பக்கம் டீசல் சிந்தியிருந்தால் மண்ணை அள்ளிப் போட்டுவிட்டு செல்ப் அடி. சருகு காய்ந்து கிடக்கிறது.

பனங்காட்டான் (12:31)
கரிமூட்டம் அண்ணே, மெக்சிகோ விஷயத்தில் ஒரு பாயிண்ட் உங்களுக்குத் தருகிறேன். ஆனால் தூர் விஷயத்தில் தர மாட்டேன்.

கரிமூட்டம் (12:40)
தூரைப் பிடுங்க ஒரு சங்கிலியும் நல்ல டிராக்டரும் வேண்டும். மூடி உள்ள டிராக்டர்.

நீலகிரிப்பனி (பிற்பகல் 3:05)
வண்டி வெளியே வந்ததா?

தொண்டிக்காற்று (மாலை 6:47)
சார்ஜ் போயிருக்கும்.

முண்டு_மிளகாய் (மறுநாள் காலை 7:20)
புஸ் என்று வந்தது. வண்டி வந்துவிட்டது. நன்றி அண்ணே. முள் இன்னும் கையில் இருக்கிறது.

சாயல்குடிக்காரன் (7:24)
மூடி வாங்கினாயா? சாயல்குடியில் உதிரிபாகக் கடையில் கிடைக்கும். துவாரம் திறந்திருக்கிறதா என்று ஊதிப் பார்த்து வாங்கு.

சாயல்குடிக்காரன் (நான்கு நாள் கழித்து)
தம்பி?