மறு: ‘காண்ட்ராக்டிங் அவுட்’டுக்குத் தமிழில் என்ன?

அன்புள்ள குழும நண்பர்களுக்கு,

இழை நீண்டுகொண்டே போகிறது, கேட்டவருக்குப் பதில் கிடைத்த பாடில்லை. சமூகக் கொள்கைப் பாடநூலை மொழிபெயர்க்கும் நண்பர் கேட்டது ஒரே ஒரு சொல். அரசு தன் பொறுப்பில் இருக்கும் ஒரு நலச்சேவையை நடத்தும் வேலையை, ஒரு கம்பெனியிடமோ தொண்டு நிறுவனத்திடமோ ஒப்பந்தம் போட்டுக் கொடுக்கிறது. இதை எப்படி எழுதுவது? இதுவரை குத்தகை, அயலாக்கம், வெளிமுகமை, புறவொப்பந்தம், தனியார்மயமாக்கல் ஆகியவை வந்திருக்கின்றன. எனக்கு எதிலும் முழுத் திருப்தி இல்லை. ஏன் என்று சொல்லிவிட்டு என் பரிந்துரைக்கு வருகிறேன்.

> குத்தகை என்றே வைத்துவிடலாமே. ஊரில் எல்லோருக்கும் புரியும்.

புரியும், ஆனால் தலைகீழாகப் புரியும். ஏரி மீன் குத்தகை, புளியமரக் குத்தகை, சைக்கிள் ஸ்டாண்டு குத்தகை என எதை எடுத்தாலும் பணம் எடுத்தவரிடமிருந்து விட்டவருக்குப் போகும். நலச்சேவையில் பணம் அரசிடமிருந்து நடத்துபவருக்குப் போகிறது. திசை மாறினால் லாபம் பார்க்கும் வழியும் மாறிவிடும். புளியமரம் எடுத்தவர் எவ்வளவு கூடுதலாக உலுக்குகிறாரோ அவ்வளவு லாபம். முதியோர் இல்லத்தைத் தலைக்கு இவ்வளவு என்று எடுத்தவருக்கு எவ்வளவு குறைவாகச் செலவழிக்கிறாரோ அவ்வளவு லாபம். இந்தப் பாடத்தின் முக்கால்வாசி இந்த வேறுபாட்டைப் பற்றியதுதான். அதை மறைக்கிற சொல்லைத் தலைப்பில் வைக்க முடியாது.

அயலாக்கம் என்றதும் எனக்கு கால்சென்டர்தான் ஞாபகம் வருகிறது. ‘அயல்பணி ஒப்படைப்பு’ என்று பத்திரிகைகள் எழுதிய காலத்தில் அயல் என்றால் அயல்நாடு என்றே பலர் எடுத்துக்கொண்டார்கள். அதை மென்பொருள்காரர்களுக்கே விட்டுவிடுவோம்.

வெளிமுகமை நம் அரசாணைகளில் புழங்குகிற சொல், அதற்காக மரியாதை உண்டு. ஆனால் அது பெரும்பாலும் ஆள் எடுப்பதைக் குறிக்கிறது. ஓட்டுநர், இரவுக் காவலர், கணினியில் பதிவு செய்பவர் ஆகியோரை வெளிமுகமை மூலம் நியமிப்பார்கள். அலுவலகம் அரசுடையது, மேலதிகாரி அரசு ஊழியர், கை மட்டும் வெளியிலிருந்து வருகிறது. நாம் பேசுவது சேவையையே மொத்தமாகக் கொடுப்பது. மேலாளர் முதல் பரிமாறுபவர் வரை எல்லோரும் எடுத்தவரின் ஆட்கள்.

வெறும் ‘ஒப்பந்தம்’ என்று நிறுத்தினாலும் இதே குழப்பம்தான். ஒப்பந்தச் செவிலியர் என்றால் அரசே நேரடியாகத் தற்காலிக அடிப்படையில் எடுத்தவர். 1970ஆம் ஆண்டின் ஒப்பந்தத் தொழிலாளர் சட்டத்தில் வந்த தொழிலாளியோ ஒப்பந்தக்காரர் கொண்டுவருபவர். ஒரே அடைமொழி ஏற்கெனவே இரண்டு வேலை பார்க்கிறது, மூன்றாவதையும் அதன் தலையில் ஏற்ற வேண்டாம். புறவொப்பந்தம் இலக்கணப்படி சரிதான், ஆனால் எதற்குப் புறம் என்று யாருக்கும் தெரியாது.

> நேராகத் தனியார்மயமாக்கல் என்று சொல்லுங்கள். நாசூக்கான சொல் தேடுவதே அரசுக்குச் செய்யும் சேவை.

இந்த மடலை எழுதிய தோழருக்குத்தான் விரிவாகப் பதில் சொல்ல வேண்டும். 2025 ஆகஸ்டில் ரிப்பன் மாளிகை முன்பு தூய்மைப் பணியாளர்கள் இரவு பகலாக உட்கார்ந்திருந்தபோது பதாகைகளில் தனியார்மயம் என்றுதான் இருந்தது. கோஷத்துக்கு அது சரியான சொல். பாடநூலுக்கு அது போதாது என்பதற்கு என்னிடம் மூன்று காரணங்கள் உண்டு.

முதலில், எடுத்து நடத்துபவர் எப்போதும் லாபம் தேடும் தனியார் இல்லை. பெங்களூருவில் அட்சய பாத்திரம் அறக்கட்டளை 2000ஆம் ஆண்டு முதல் பெரிய சமையற்கூடத்தில் சமைத்துப் பள்ளிகளுக்கு மதிய உணவு அனுப்புகிறது. அரிசியும் சமையல் செலவுக்கான தொகையும் அரசிடமிருந்து வருகின்றன, மேற்கொண்டு ஆகும் செலவுக்கு நன்கொடை. தமிழ்நாட்டில் 1982 முதல் சத்துணவை அமைப்பாளர், சமையலர், உதவியாளர் என்று அரசே ஆள் வைத்து நடத்துகிறது. இரண்டுக்கும் உள்ள வேறுபாட்டை ‘தனியார்’ என்ற சொல் பிடிக்காது. 108 ஆம்புலன்ஸும் அப்படித்தான். இங்கே 2008இல் தொடங்கியது. வண்டி அரசுடையது, செலவு அரசுடையது, நடத்துவது லாப நோக்கமற்றதாகப் பதிவான ஓர் அமைப்பு. அந்த அமைப்பை ஆரம்பித்த சத்யம் நிறுவனர் ராமலிங்க ராஜு 2009 ஜனவரியில் கணக்கு மோசடியை ஒப்புக்கொண்டு வீழ்ந்தார். அமைப்பு ஜி.வி.கே குழுமத்தின் கைக்குப் போனது. வண்டி ஓடிக்கொண்டுதான் இருந்தது.

இரண்டாவது, தனியார்மயத்தில் அரசு விற்றுவிட்டுப் போய்விடலாம். நாம் பேசும் முறையில் அதற்கு வழியில்லை. 1961இலேயே ஆஸ்ட்ரம், டீபூ, வாரன் என்ற அமெரிக்க ஆய்வாளர்கள் மூவரும் ஒரு சேவை கிடைக்க ஏற்பாடு செய்வது வேறு, அதைச் செய்து கொடுப்பது வேறு என்று பிரித்துக் காட்டினார்கள். இங்கே கைமாறுவது இரண்டாவது மட்டும்.

இங்கிலாந்தைப் பாருங்கள். தாட்சர் அரசு 1980இல் உள்ளாட்சிகளின் கட்டட வேலைகளுக்கும், 1988இல் குப்பை அள்ளுவது, பள்ளிச் சமையல் போன்றவற்றுக்கும் போட்டி டெண்டரைக் கட்டாயமாக்கியது. 1990ஆம் ஆண்டுச் சட்டம் முதியோர் கவனிப்பில் வாங்குபவரையும் வழங்குபவரையும் பிரித்தது. இதற்காக உள்ளாட்சிகளுக்கு 1993 முதல் மாற்றித் தந்த சிறப்பு மானியத்தில் 85 சதவீதத்தை அரசு சாராத இடங்களில்தான் செலவழிக்க வேண்டும் என்று நிபந்தனை போட்டார்கள். அப்படி வளர்ந்த சந்தையில் சதர்ன் கிராஸ் என்ற நிறுவனம் சுமார் 750 இல்லங்களை நடத்தியது. தங்கியிருந்த முதியவர்கள் ஏறக்குறைய 31,000 பேர். கட்டடங்களை விற்றுவிட்டு அவற்றிலேயே வாடகைக்கு இருந்த கம்பெனி அது. வாடகை ஏறியது, உள்ளாட்சிகள் தலைக்குத் தந்த கட்டணம் அந்த வேகத்தில் ஏறவில்லை. 2011இல் கம்பெனி கவிழ்ந்தது. உள்ளாட்சிப் பணத்தில் தங்கியிருந்தவர்களுக்கு இடம் காட்டும் சட்டக் கடமை யாரிடம் இருந்தது? உள்ளாட்சியிடம்தான். இல்லங்கள் வேறு நிறுவனங்களின் கைக்கு மாறின. கடமை மட்டும் இருந்த இடத்தைவிட்டு அசையவில்லை.

மூன்றாவது காரணம் எனக்கு முக்கியமானது. ‘மயம்’ என்று முடியும் சொல்லில் செய்தவர் யார் என்றே தெரியாது. உலகமயம், கணினிமயம், தனியார்மயம் எல்லாம் மழை மாதிரி தானாக வந்தது போல ஒலிக்கின்றன. தோழர் பயப்படுவது அரசு தப்பித்துவிடக் கூடாது என்பதற்காகத்தானே? அவர் கேட்கும் சொல்லில்தான் அது தப்பிக்கிறது.

அமெரிக்காவின் இந்தியானா மாநிலத்தில் என்ன நடந்தது என்று பார்ப்போம். பாடநூலிலும் இது வருகிறது என்று நினைக்கிறேன். ஆளுநர் மிட்ச் டேனியல்ஸ் 2006 டிசம்பரில் ஐ.பி.எம் தலைமையிலான கூட்டணியுடன் பத்தாண்டு ஒப்பந்தம் போட்டார். மதிப்பு ஏறத்தாழ 130 கோடி டாலர். உணவு உதவி, ஏழைகளுக்கான மருத்துவக் காப்பீடு, ரொக்க உதவி ஆகியவற்றுக்கு மனு வாங்கித் தகுதி பார்க்கும் வேலை அது. ஆயிரத்துக்கும் மேற்பட்ட அரசு ஊழியர்கள் ஐ.பி.எம்மிடமிருந்து வேலையில் ஒரு பகுதியை எடுத்த ஏ.சி.எஸ் என்ற உள்ளொப்பந்த நிறுவனத்தின் ஊழியர்கள் ஆனார்கள். அதுவரை ஒரு குடும்பத்துக்கு ஓர் அலுவலர் இருந்தார், பெயர் சொல்லிக் கூப்பிடலாம். புதிய முறையில் குடும்பம் என்ற கணக்கே போய், வேலை துண்டு துண்டாகத் திரையில் வந்தது. யார் ஓய்வாக இருக்கிறாரோ அவர் அடுத்த துண்டை எடுப்பார். மனு போட்டவர் சம்பளச் சீட்டையும் வாடகை ரசீதையும் எங்கோ இருக்கும் ஒரு மையத்துக்கு ஃபேக்ஸ் செய்வார். அது அவருடைய கோப்பில் சேராமல் போகும். சில வாரங்களில் வீட்டுக்குக் கடிதம் வரும்: தகுதியை நிறுவ ஒத்துழைக்கத் தவறியதால் மனு நிராகரிக்கப்படுகிறது. எதில் ஒத்துழைக்கவில்லை என்று கடிதத்தில் இருக்காது. போன் செய்தால் எடுப்பவர் வேறொருவர்.

2009 அக்டோபரில் ஆளுநரே ஒப்பந்தத்தை ரத்து செய்தார். பிறகு இரு தரப்பும் ஒருவர்மேல் ஒருவர் வழக்குப் போட்டார்கள். 2012இல் விசாரணை நீதிமன்றம் ஐ.பி.எம் பக்கம் தீர்ப்புச் சொன்னது. ஆனால் இரு தரப்புமே ஜெயிக்கத் தகுதியற்றவை என்று அந்த நீதிபதியே எழுதினார். மேல்முறையீடுகளுக்குப் பிறகு 2017இல் நிறுவனம் மாநிலத்துக்கு 7.8 கோடி டாலர் தர வேண்டும் என்று உத்தரவானது. வழக்கு முழுக்க விட்டவருக்கும் எடுத்தவருக்கும் நடுவே மட்டும்தான். உதவி நின்றுபோன குடும்பங்கள் அந்த ஒப்பந்தத்தில் ஒரு தரப்பே இல்லை. இன்னொன்றையும் சேர்த்துக்கொள்ளுங்கள்: ஐ.பி.எம் போன பிறகும் ஏ.சி.எஸ் போகவில்லை, மாநிலமே அதனுடன் நேரடியாக ஒப்பந்தம் போட்டுக்கொண்டது.

சரி, என் பரிந்துரை. இதுவரை எழுதியதில் ‘விட்டவர்’, ‘எடுத்தவர்’ என்று என்னையறியாமலே எழுதிக்கொண்டு வந்திருக்கிறேன். ஊரில் அப்படித்தானே பேசுகிறோம்? ‘கார்ப்பரேஷன் காண்ட்ராக்ட் விட்டிருக்கு, இன்னார் எடுத்திருக்கார்’ என்போம். டெண்டர் விடுவது, ஏலம் விடுவது, வாடகைக்கு விடுவது எல்லாம் இதே வினைதான். ஆகவே வினையாக வரும்போது ஒப்பந்தத்துக்கு விடுதல், பெயராக வரும்போது ஒப்பந்தவிடுகை. நலச்சேவை ஒப்பந்தவிடுகை என்று அடை சேர்க்கலாம்.

> விடுதல் என்றால் கைவிடுதல் என்ற தொனி வராதா?

இந்த மடலை எழுதிய அம்மா கேட்டது நல்ல கேள்வி. ஆனால் வேற்றுமை உருபு காப்பாற்றிவிடுகிறது. ‘வீட்டை விட்டேன்’ என்றால் போய்விட்டேன். ‘வீட்டை வாடகைக்கு விட்டேன்’ என்றால் வீடு என்னுடையதுதான், கூரை ஒழுகினால் என்னைத்தான் கேட்பார்கள். ‘கு’ உருபோடு வரும் விடுதலில் உரிமையும் பொறுப்பும் விட்டவரிடமே நிற்கின்றன. நமக்கு வேண்டியது அதுதான். இந்தச் சொல்லுக்கு எழுவாய் இல்லாமல் முடியாது என்பது கூடுதல் வசதி. யார் விட்டது என்ற கேள்வி உடனே வந்துவிடும்.

இந்த ஒரு வினை கிடைத்துவிட்டால் குடும்பமே கூட வருகிறது. விடுநர், எடுநர் என்று இரு தரப்புக்கும் பெயர் வைக்கலாம். (எடுநர் காதுக்கு உறுத்தினால் ஒப்பந்ததாரர் இருக்கவே இருக்கிறார்.) உள்வாடகை, உள்குத்தகை வழியில் உள்ளொப்பந்தம், மேலே ஏ.சி.எஸ்சுக்கு அதைத்தான் எழுதினேன். திரும்ப அரசே எடுத்துக்கொள்வதற்கு மீட்டல். இங்கிலாந்திலும் வேல்ஸிலும் நன்னடத்தைக் கண்காணிப்பு (தண்டனை பெற்றவர்களைச் சிறைக்கு வெளியே கண்காணிப்பது) வேலையின் பெரும்பகுதியை 2014இல் 21 பகுதிகளாகப் பிரித்து நிறுவனங்களுக்கு விட்டார்கள், 2021 ஜூனுக்குள் முழுவதும் மீட்டார்கள். வாக்கியம் சரியாகத்தானே இருக்கிறது?

‘அரசு உதவி பெறும்’ என்பதை இதனோடு கலக்காதீர்கள். உதவி பெறும் பள்ளியை நிர்வாகம் தானாகத் தொடங்கியது, அரசு பின்னால் வந்து சம்பளம் கொடுத்தது. ஒப்பந்தவிடுகையில் அரசு முதலில் சேவையைத் தீர்மானிக்கிறது, ஆள் பின்னால் வருகிறார்.

இந்தியச் சான்று ஒன்றும் வேண்டும் என்று கேட்டிருந்தீர்கள். உணவு உரிமை வழக்கில் உச்ச நீதிமன்றம் 2004 அக்டோபர் 7 அன்று, அங்கன்வாடி ஊட்டச்சத்து உணவுக்கு ஒப்பந்தக்காரர்களைப் பயன்படுத்தக் கூடாது, கிராம சமுதாயம், சுய உதவிக் குழுக்கள், மகளிர் மன்றங்கள் மூலம் செலவழியுங்கள் என்றது. அதற்கப்புறம் மகாராஷ்டிரத்தில் மகளிர் மன்றம் என்ற பலகைக்குப் பின்னால் பழைய ஒப்பந்தக்காரர்களே இருக்கிறார்கள் என்ற புகார் எழுந்தது. அதற்கும் தமிழில் சொல் தயாராக இருக்கிறது: பினாமி எடுப்பு.

வேலைவாய்ப்புச் சேவை இயலில் இரண்டு சொற்கள் வரும். ஆஸ்திரேலியா 1998இல் தன் அரசு வேலைவாய்ப்பு அலுவலகங்களை மூடி, அந்த வேலையை ஒப்பந்தத்துக்கு விட்டது. வேலை வாங்கிக் கொடுத்தால் காசு. அதனால் எளிதில் வேலை கிடைக்கக்கூடியவரை முதலில் பார்ப்பதும், உடம்பு முடியாதவரையும் நீண்ட நாள் வேலையில்லாதவரையும் பெயருக்குப் பதிந்து அப்படியே விட்டுவைப்பதும் வளர்ந்தன. ஆங்கிலத்தில் கிரீமிங், பார்க்கிங் என்கிறார்கள். முதலாவதற்குப் பொறுக்கியெடுத்தல், இரண்டாவதற்கு ஓரங்கட்டுதல். பாலாடை, வண்டி நிறுத்தம் என்றெல்லாம் யாரும் போய்விடாதீர்கள், கெஞ்சிக் கேட்கிறேன்.

இப்படி விளைவைப் பார்த்துக் காசு தருவதற்கு விளைவுக்கேற்ற கட்டணம் என்பதை யாரும் எதிர்க்கவில்லை, அப்படியே போகலாம். பாக்கி இருப்பது வவுச்சர் மட்டும். அரசு பயனாளியின் கையில் சீட்டைக் கொடுத்து, விருப்பமான இடத்தில் சேவை வாங்கிக்கொள்ளச் சொல்லும் முறை. பற்றுச்சீட்டு என்றால் ரசீதோடு குழம்புகிறது, இலங்கை நண்பர்களுக்கு இன்னும் குழம்பும். நலச்சீட்டு சரிவருமா? சீட்டு என்றதும் சீட்டுக் கம்பெனி ஞாபகம் வரும் என்று எதிர்ப்பு வரும், தெரியும். வேறு யோசனை இருந்தால் இதே இழையில் எழுதுங்கள், புது இழை தொடங்க வேண்டாம்.

அன்புடன்