மாமா காட்டிய டோக்கன் பந்து

என் தாய்மாமா மீட்டர் கேஜ் காலத்து ஸ்டேஷன் மாஸ்டர். மானாமதுரை - ராமேஸ்வரம் பாதை 2007-இல் அகலப்பாதை ஆவதற்கு முன்பே ஓய்வு பெற்றவர். அவரோடு ரயில் அருங்காட்சியகம் போய்வந்ததை எழுதியே ஆக வேண்டும்.

எல்லோரும் நீராவி இன்ஜின் முன்னால் படம் எடுத்துக்கொண்டிருக்க, மாமா நேராகப் போய் நின்றது சிவப்பு வண்ணம் பூசிய ஒரு பெட்டி முன்னால். நீல்ஸ் டோக்கன் கருவி. "மாப்பிள்ளை, ஒத்தைப் பாதையில ரெண்டு வண்டி நேருக்கு நேரா மோதாம காப்பாத்தினது இதுதான்" என்றார்.

அடுத்தடுத்த இரண்டு ஸ்டேஷன்களில் ஆளுக்கொரு கருவி. இரண்டுக்கும் மின் இணைப்பு உண்டு. இவர் மணியடித்துக் கேட்க, அவர் அங்கிருந்து சம்மதம் கொடுத்தால்தான் கைப்பிடி திரும்பி, டோக்கன் என்ற ஓர் இரும்புப் பந்து வெளியே வரும். அது டிரைவர் கைக்குப் போனால்தான் வண்டி கிளம்பலாம். அந்தப் பந்து ஏதாவது ஒரு கருவிக்குள் திரும்பப் போகும்வரை இரண்டு பக்கமும் அடுத்த பந்து வராது. பந்தின் மேலிருந்த பள்ளத்தையும் மாமா காட்டினார். பக்கத்துப் பிரிவின், அதாவது அடுத்த இரண்டு ஸ்டேஷன்களுக்கு இடையிலான பாதையின், பந்தைத் தவறிப்போய் இதில் போட்டால் பள்ளம் ஒத்துவராது, உள்ளே இறங்காது. மனிதன் அசந்துபோவான் என்று தெரிந்தே செய்திருக்கிறார்கள்!

நிற்காத வண்டிக்குப் பந்தைத் தோல்பையில் வைத்து, பிரம்பு வளையத்தோடு நீட்டுவார்கள். இன்ஜினில் இருப்பவர் வளையத்துக்குள் கையை விட்டு வாங்கிக்கொண்டு, முந்தைய பிரிவின் வளையத்தை வீசிவிட்டுப் போவார். ஒரு மழை இரவில் அப்படி வீசியது கருவேலம் புதருக்குள் போய்விட்டதாம். தண்டவாளத்தை மாற்றிவிடும் ஊழியரான பாயின்ட்ஸ்மேன் விளக்கோடு முள்ளுக்குள் தேட, பக்கத்து ஸ்டேஷன்காரர் அடுத்த வண்டியை அனுப்பச் சம்மதம் கேட்டு மணிமேல் மணி அடிக்கிறார். கிடைக்காவிட்டால், பந்துக்குப் பதிலாக பேப்பர் லைன் கிளியர் என்ற அனுமதிச் சீட்டு எழுதித்தான் வண்டியை விட வேண்டும். நல்லவேளை, கிடைத்துவிட்டது.

இதில் ஒரு வரிகூட அங்கிருந்த அட்டையில் இல்லை. கருவியின் பெயர் மட்டும்தான். ஓய்வு பெற்றவர்களைக் கூப்பிட்டு உட்காரவைத்து அவர்கள் சொல்வதைப் பதிவு செய்ய வேண்டும், அதுவும் சீக்கிரமாக.

அப்புறம், பழைய அட்டை டிக்கெட்டுகளும் பார்த்தோம். 1830-களில் இங்கிலாந்தில் தாமஸ் எட்மண்ட்சன் என்ற ஸ்டேஷன் மாஸ்டர் கொண்டுவந்த முறை. வரிசை எண் இருந்ததால் கணக்கில் ஓட்டை விழாது. கம்ப்யூட்டர் வரும்வரை நம் கவுன்ட்டர்களிலும் அதுதான். அந்த டிக்கெட் அச்சடித்த அச்சகத்தில் வேலை பார்த்தவர்கள் இங்கே இருந்தால் அவசியம் எழுதுங்கள். எப்படி அச்சடித்தார்கள் என்று மாமாவுக்கும் தெரியவில்லை.