டெல்லி குளிர்ல வீட்டுக்குள்ள நாத்து: தக்காளி நூலா நீளுது, மிளகா எழும்பவே இல்ல

மயூர்விஹார்_மல்லி:
எல்லாருக்கும் வணக்கம். மயூர் விஹார் ஃபேஸ் 1, ரெண்டாவது மாடி, கிழக்கு பார்த்த பால்கனி, வெயில் பதினோரு மணி வரைக்கும்தான். ஊர்லருந்து அம்மா போன் பண்ணி தைப்பட்டம் வந்தாச்சு விதையப் போடுடின்னு ஒரே நச்சரிப்பு, இங்க வெளிய தண்ணில கை வெச்சா விரல் மரத்துப் போற குளிர், அதனால பொங்கல் முடிஞ்ச கையோட குழித்தட்டுல கோகோபீட் (தேங்கா நார்த்தூள்) ரொப்பி தக்காளி, குண்டு மிளகா, வரிக்கத்திரி மூணும் போட்டு ஹால் ஜன்னலோரம் வெச்சேன். தக்காளி வந்துருச்சு ஆனா நூலா வெளிறிப்போய் கண்ணாடி பக்கமா சாஞ்சு நிக்குது, சிலது அடித்தண்டு கருத்து படுத்தே போச்சு. கத்திரி அங்கொண்ணு இங்கொண்ணு. மிளகா ஒண்ணு கூட இல்ல, ஒரு குழியக் கிளறிப் பார்த்தா விதை போட்டபடியே கெடக்கு. விதை சரியில்லையா? இன்னும் ஜினியா, புடலை, தண்டுக்கீரை எல்லாம் பாக்கெட் பிரிக்காம இருக்கு, அதையும் உள்ளயே போடணுமா? நர்சரில நாத்து விக்கறான், எதுக்கு இந்த ஆர்ப்பாட்டம்னு வீட்டுக்காரர் கேக்கறார், அவருக்கும் சேர்த்து யாராச்சும் பதில் சொல்லுங்க.

முனிர்கா_மாமா:
விதையத் திட்டாதீங்கம்மா. மிளகாக்கு 25லருந்து 30 டிகிரி வரைக்கும் சூடு வேணும், அதுவும் மண்ணுல இருக்கணும், ரூம்ல இருந்தா பத்தாது. ஜனவரி ராத்திரில ஜன்னலோரம் 13, 14க்கு இறங்கிடும், ஈரக் கோகோபீட் அதவிடவும் சில்லுன்னு இருக்கும். தக்காளி மெதுவாவாச்சும் வந்துரும், மிளகா வராது, அப்படியே தூங்கும், ரொம்ப நாள் ஈரத்துல தூங்கினா அழுகிடும்.

மிச்சம் விதை இருந்தா இப்படி பண்ணுங்க. டிஷ்யூ பேப்பர நனைச்சு நல்லாப் பிழிஞ்சு, விதைய இடம் விட்டு வெச்சு மடிச்சு, மூடி போட்ட சின்ன டப்பால அடைச்சு செட்டாப் பாக்ஸ் மேல வெச்சிருங்க, அங்க எப்பவும் கதகதன்னு இருக்கும். தண்ணி சொட்டற தட்ட மட்டும் கரண்ட் சாமான் மேல தூக்கி வெச்சுராதீங்க. ஒரு வாரம் பத்து நாள்ல வெள்ளையா முளை எட்டிப் பார்க்கும், அது அரை சென்டிமீட்டர் ஆகறதுக்குள்ள குழிக்கு மாத்திரணும், விட்டா வேர் பேப்பருக்குள்ள பின்னிக்கும், பிச்சாதான் வரும். எடுக்கறப்ப விதை ஓட்டைப் பிடிங்க, முளையத் தொடாதீங்க.

முளைச்சு வெளிய வந்தப்புறம் சூடு அவ்வளவு வேணாம், வெளிச்சம்தான் வேணும். ஜன்னல் வெளிச்சம் நம்ம கண்ணுக்குத்தான் ஜாஸ்தி, அதுவும் இந்த ஊரு ஜனவரி மூடுபனில நாத்துக்கு சுத்தமா பத்தாது. சாதா நாலடி எல்இடி பேட்டன் (ட்யூப்லைட்) 20 வாட், வெள்ளை வெளிச்சம், டப்பால 6500 கெல்வின்னு போட்டிருக்கும், அது போதும், க்ரோ லைட்னு ஊதா கலர்ல விக்கறதுக்கு எல்லாம் காசழாதீங்க. இலைக்கு மேல நாலஞ்சு இஞ்ச்ல கட்டி தினம் 14 மணி நேரம் போடுங்க, மாசத்துக்கு எட்டரை யூனிட் கூட வராது. நீண்டு போன தக்காளியத் தூக்கிப் போட வேணாம், அடுத்த கப்புக்கு மாத்தறப்ப விதையிலை வரைக்கும் மண்ணுல புதைச்சிருங்க, தண்டுலருந்தே வேர் விட்டுரும். கத்திரி, மிளகாக்கு இந்த வித்தைய நம்பாதீங்க.

ஆர்கேபுரம்_அடுக்குமல்லி:
மாமா லைட் சொல்லிட்டார், ஆனா அடித்தண்டு கருத்து சாயறது வெளிச்சக் குறைவு இல்ல மல்லி, அது நாத்தழுகல், பூஞ்சை. ஈரமும் குளிரும் சேர்ந்து காத்தும் இல்லன்னா அது வந்தே தீரும். சாஞ்சத கோகோபீட்டோட சுரண்டி எடுத்து வெளிய போட்டுருங்க, காப்பாத்தவெல்லாம் முடியாது. மேல தண்ணி தெளிக்கறத இன்னிக்கே நிறுத்துங்க, தட்டைத் தூக்கி ஒரு ட்ரேல அரை இஞ்ச் தண்ணில வெச்சா அடியிலருந்து உறிஞ்சிக்கும், மேல்பக்கம் கலர் மாறினதும் எடுத்துருங்க. மறுபடி மேல வெளிறி காய்ஞ்சப்புறம்தான் அடுத்த தண்ணி. டேபிள் ஃபேன தூரத்துல வெச்சு மெதுவா ஓட விடுங்க, தண்டும் தடிமனாகும். இனிமே போடற விதைக்கு ட்ரைக்கோடெர்மா விரிடி கலந்துக்கங்க, அது கெட்ட பூஞ்சையை அடக்கற நல்ல பூஞ்சைப் பொடி, கணக்கு கிலோ விதைக்கு 4 கிராம், நம்ம பாக்கெட்டுக்கு ஒரு சிட்டிகை தாராளம்.

கோகோபீட்ட அலசினீங்களா? சிலதுல உப்பு நிறைய இருக்கும், ஊறவெச்சு ரெண்டு மூணு தண்ணி மாத்தி பிழிஞ்சுட்டுதான் ரொப்பணும். அப்புறம் அதுல சத்துன்னு ஒண்ணும் கிடையாது, ரெண்டாவது ஜோடி இலை வந்ததும் மண்புழு உரம் சேர்த்த கலவைக்கு மாத்தலன்னா பச்சை ஏறாது.

துவாரகா_மொட்டைமாடி:
எல்லாரும் குளிரப் பத்தியே பேசறீங்க, இங்க நாத்துக்கு எமன் ஏப்ரல் மாசம்தான். பகல் 35 டிகிரியத் தாண்டி ராத்திரியும் சூடு இறங்காம இருந்தா தக்காளி பூவா பூத்து அத்தனையும் கொட்டிடும், காய் பிடிக்காது. இந்தப் பக்கம் விவசாயிங்க நவம்பர் டிசம்பர்லயே நாத்து விட்டு ஜனவரி கடைசி, பிப்ரவரில நட்டுருவாங்க. அதனால பெரிய தக்காளி விஷயத்துல உங்க வீட்டுக்காரர் சொல்றதுதான் சரி, நர்சரி நாத்தே வாங்குங்க. விதைலருந்து ஆசைன்னா செர்ரி தக்காளி போடுங்க, அது கொஞ்சம் வெயில் தாங்கும்.

ஆனா கத்திரி, மிளகாக்கு உங்க உழைப்பு வீண் போகாது. ரெண்டும் சூட்டுக்கு ஆடற செடி, மார்ச்ல நட்டா நல்லாப் பிடிச்சுக்கும். குண்டு மிளகா கைவிட்டா பூசா ஜ்வாலா ட்ரை பண்ணுங்க, இங்க டெல்லி பூசா இன்ஸ்டிட்யூட், அதான் விவசாய ஆராய்ச்சி நிலையம், அவங்க ரகம்தான், நீளமா சுருண்டு காய்க்கும், நல்ல காரம்.

புடலைக்கு தோல் தடிப்பு, ராத்திரி முழுக்க ஊறவெச்சு பிப்ரவரி கடைசில பேப்பர் கப்புல போடுங்க, வேரைக் கலைச்சா கோவிச்சுக்கும், கப்போட அடிய வெட்டிட்டு அப்படியே தொட்டில இறக்கணும். ஜினியாவ உள்ள வளர்த்து அவஸ்தைப்படாதீங்க, பிப்ரவரி கடைசில தொட்டிலயே நேரா போட்டா ஒரு வாரத்துல வந்துரும். தண்டுக்கீரையும் நேரா விதைப்புதான், மணல் கலந்து தூவுங்க, இப்ப வேணாம், ராத்திரி 15 டிகிரிக்கு மேல வரட்டும்.

மயூர்விஹார்_மல்லி:
ரொம்ப நன்றிங்க. மிளகாய டப்பால போட்டாச்சு, தக்காளி பத்தின பதில வீட்டுக்காரர் கண்ணுல காட்டறதா இல்ல. உள்ள லைட்ல வளர்ந்தத மார்ச்ல நேரா பால்கனி வெயில்ல வெச்சுரலாமா?

முனிர்கா_மாமா:
வெச்சா இலை வெள்ளை வெள்ளையா வெந்துரும்மா. முதல் ரெண்டு நாள் நிழல்ல ஒரு மணி நேரம், அப்புறம் காலை வெயில்ல ஒரு மணி, ரெண்டு மணின்னு ஒரு வாரம் பத்து நாள் பழக்குங்க. உங்களுது கிழக்கு பால்கனி, அதனால தப்பிச்சீங்க. மேற்குக் காத்து வறண்டு அடிக்கற அன்னிக்கு மட்டும் உள்ள எடுத்துருங்க, வெயில விட அது சீக்கிரம் நாத்த வதக்கிடும்.