ஃப்ளேமபிள், இன்ஃப்ளேமபிள்: எது தீப்பற்றும்?

கிடங்குப் பொறுப்பாளர்:
வணக்கம். எங்கள் பெயின்ட் கிடங்குக்கு வரும் தின்னர் டிரம்களில் சிலவற்றில் 'ஃப்ளேமபிள்' என்றும், வேறு சிலவற்றில் 'இன்ஃப்ளேமபிள்' என்றும் அச்சிடப்பட்டுள்ளன. 'கரெக்ட்' என்பதற்கு எதிர்ச்சொல் 'இன்கரெக்ட்' என்பதால், இரண்டாவது வகை தீப்பற்றாது என்று நம்பும் புதிய தொழிலாளர்கள், அவற்றை வெல்டிங் பட்டறைச் சுவரோரம் அடுக்கலாமா என்று கேட்கிறார்கள். தெளிவுபடுத்த வேண்டுகிறேன்.

ஆங்கில ஆசிரியை:
அருள்கூர்ந்து அங்கே அடுக்க விடாதீர்கள். இரண்டு சொற்களுக்குமே எளிதில் தீப்பற்றக்கூடியது என்பதுதான் பொருள். லத்தீனில் 'இன்' என்ற முன்னொட்டு இரண்டு உண்டு. ஒன்று மறுப்பது, மற்றொன்று 'உள்ளே' என்ற பொருளைத் தருவது அல்லது வினைக்கு அழுத்தம் கூட்டுவது. தீமூட்டுதலைக் குறிக்கும் 'இன்ஃப்ளம்மாரே' என்ற லத்தீன் வினையிலிருந்து வந்த 'இன்ஃப்ளேமபிள்' இரண்டாவது வகையைச் சேர்ந்தது. ஆங்கிலத்தில் முதலில் வழங்கியதும் அதுவே. 'ஃப்ளேமபிள்' 19-ஆம் நூற்றாண்டில்தான் தோன்றியது. தீப்பற்றாத பொருளுக்கு 'நான்ஃப்ளேமபிள்' என்பார்கள்.

தீப் பாதுகாப்புப் பொறியாளர்:
ஆசிரியை கூறியது முற்றிலும் சரி. ஆயினும், சொற்பிறப்பு அறிந்தவர் மட்டுமே சரியாகப் புரிந்துகொள்ளக்கூடிய ஓர் எச்சரிக்கையை டிரம்மின் மேல் அச்சிடுவது ஆபத்தானது என்றே நான் கருதுகிறேன். இந்தக் குழப்பத்தைத் தவிர்க்கவே பிரிட்டிஷ் தர நிர்ணய நிறுவனம் 1959-இல் 'ஃப்ளேமபிள்' என்ற வடிவத்தைப் பரிந்துரைத்தது. ஆபத்தான சரக்குகளுக்கான ஐ.நா. வகைப்பாட்டில், எளிதில் தீப்பற்றும் திரவங்களைக் குறிக்கும் 3-ஆம் வகுப்பும் அச்சொல்லையே ஆள்கிறது. நம் சாலைகளில் ஓடும் டேங்கர் லாரிகளிலோ பழைய சொல்லை இன்றும் காண்கிறோம்.

கிடங்குப் பொறுப்பாளர்:
இருவருக்கும் மிக்க நன்றி. தமிழிலேயே பலகை வைத்தால் போதுமா? காலி டிரம்களுக்கும் அது வேண்டுமா?

தீப் பாதுகாப்புப் பொறியாளர்:
'எளிதில் தீப்பற்றும்' என்று பெரிய எழுத்தில் எழுதி, தீச்சுடர்ப் படத்தையும் சேர்த்து வையுங்கள். தமிழ் படிக்கத் தெரியாத தொழிலாளருக்கும் படம் புரியும். காலி டிரம்களுக்குப் பலகை கட்டாயம் வேண்டும். அமெரிக்கத் தீக்காப்பீட்டு நிறுவனம் ஒன்றில் பணியாற்றிய மொழியியலாளர் பெஞ்சமின் லீ வோர்ஃப், 'காலி' என்ற சொல்லை நம்பித் தொழிலாளர்கள் பெட்ரோல் டிரம்களின் அருகே கவனமின்றிப் புகைபிடிப்பதைப் பதிவு செய்திருக்கிறார். திரவம் தீர்ந்த பிறகும் உள்ளே தங்கும் ஆவி காற்றோடு கலந்து வெடிக்கக்கூடும். தின்னரில் சேரும் அசிட்டோன், சுழியத்துக்குக் கீழே ஏறத்தாழ 20 டிகிரி செல்சியஸிலேயே தீப்பற்றும் அளவுக்கு ஆவியை வெளிவிடும் என்பதால், நம் ஊர் வெயிலில் டிரம்களின் மூடிகளை இறுக மூடி, பட்டறையிலிருந்து தள்ளி, காற்றோட்டமுள்ள நிழலில் வையுங்கள்.