புதுப்பிப்பு: சைக்ளோஸ்டைல் மெஷின் தாள் இழுக்காத விவகாரம்

எங்கள் டியூஷன் சென்டரில் இருக்கும் பழைய கைச்சுற்று சைக்ளோஸ்டைல் மெஷின் (ஸ்டென்சில் தாளில் எழுதியதைப் பல பிரதிகளாக அச்சிடும் கருவி) தாளை இழுக்கவில்லை, இழுத்தாலும் இரண்டிரண்டாக இழுக்கிறது என்று போன வாரம் எழுதியிருந்தேன். தாளை அழுத்தும் ஸ்பிரிங்கை இறுக்கிப் பார்த்தேன். அதற்கப்புறம் மூன்று மூன்றாக வந்தது!

கோளாறு தாளை இழுக்கும் ரப்பர் உருளையில். விரலால் தடவினால் கண்ணாடி மாதிரி வழவழ. மேலே தாள் தூசி மாவாகப் படிந்திருந்தது. ஸ்பிரிட் நனைத்த துணியால் துடைத்ததில் துணி கன்னங்கரேல் என்று ஆகிவிட்டது. பிறகு நைஸ் உப்புத்தாளால் லேசாக ஒரு தேய்ப்பு, ரப்பரின் சொரசொரப்பு திரும்பும் அளவுக்கு மட்டும். ஸ்பிரிங்கையும் பழையபடி தளர்த்தினேன்.

பாதித் தப்பு என்னுடையதுதான். மழை நாளில் தாள் கட்டைப் பிரித்தே வைத்திருந்தேன். ஈரம் ஏறித் தாள்கள் ஒட்டிக்கொண்டிருந்தன. இப்போது புதுக் கட்டு, போடும் முன் நான்கு ஓரமும் விசிறிப் பிரிக்கிறேன்.

நேற்று 200 தாள் ஓடியது. முதல் நாலைந்து கோணலாகப் போயின. பக்கத் தடுப்பை ஒரு நூல் அளவு நகர்த்தியதும் சரி. ஆனால் ரப்பரில் ஓரிடத்தில் வெடிப்பு தெரிகிறது. உருளைக்குப் புது ரப்பர் ஏற்றித் தருபவர்கள் யாரையாவது தெரியுமா?