வேலூர்ப் புள்ளிங்கோ: அழிந்துவரும் இனமா?

அகழிமுதலை:
நேற்று கிரீன் சர்க்கிள் நெரிசலில் இருபது நிமிடம் நின்றேன். பஸ்ஸுக்கும் லாரிக்கும் நடுவே வகிடெடுத்துக்கொண்டு ஒரு டியோ ஸ்கூட்டர்கூடப் போகவில்லை. மனசு கேட்கவில்லை, ஆவணப்படுத்திவிடுகிறேன்.

பெயர்: புள்ளிங்கோ. ஒருமை கிடையாது, தனியாக யாரும் பார்த்ததில்லை. 'பிள்ளைங்க' என்பது வடசென்னை வாயில் புரண்டு உருண்டு, 2019 வாக்கில் கானாவோடு ரயிலேறி காட்பாடியில் இறங்கியது. தோற்றம்: பக்கவாட்டில் மழிப்பு, உச்சியில் கொண்டை. கொண்டையின் நிறம் சம்பளத்துக்குச் சம்பளம் மாறும். நான் கிளிப்பச்சைவரை பார்த்திருக்கிறேன். புருவத்தில் ஒரு கோடு. வாழிடம்: சத்துவாச்சாரி சர்வீஸ் ரோடு, கொணவட்டம், பாலாற்றுப் பாலத்துக்கு அந்தப் பக்கம் விருதம்பட்டு. இடம்பெயர்வு: ஒரு வண்டிக்கு மூன்று. தை, மாசியில் எருது விடும் விழாக்களில் கூடும். வைகாசி முதல் தேதி குடியாத்தம் கெங்கையம்மன் சிரசுத் திருவிழாவுக்குப் பெருமந்தையாக வரும். ஒலி: வெடிக்கிற சைலன்சர். தங்களுக்குள் 'மாமே', 'பங்கு'. உணவு: தள்ளுவண்டிக் காளான்.

அழிவுக்குக் காரணம் வாழிட இழப்பு. 2020 ஜூன் 29, டிக்டாக் தடை. ஒரே ராத்திரியில் காடு போச்சு. 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் சேர்த்து, அமிர்தி பூங்காவில் மானுக்குப் பக்கத்திலேயே ஒரு கூண்டு ஒதுக்க வேண்டும்.

சிப்காட்ஷிப்ட்:
கூண்டு என்று எழுதும்போது கை கூசவில்லையா சார்? அந்தப் பசங்களை எனக்குத் தெரியும். அப்பா ராணிப்பேட்டை டேனரியில் சுண்ணாம்புத் தொட்டிக்குப் பக்கத்தில் நிற்கிறார். அம்மா ஷூ கம்பெனியில் ஷூவின் மேல்பாகம் தைக்கிறார். பையன் சென்ட்ரிங் வேலை, சனிக்கிழமை கூலி. ஞாயிற்றுக்கிழமை முடிக்குக் கலர் அடித்துக்கொள்கிறான். அதே கலரை கேம்பஸ் பையன் அடித்தால் ஃபேஷன். இவன் அடித்தால் மந்தை.

பென்ஷன்வாத்தியார்:
அம்மா, கூலி எல்லாம் சரி. ராத்திரி 11 மணிக்கு என் வீட்டு ஜன்னலுக்குக் கீழே பட்டாசு மாதிரி வெடித்துக்கொண்டு போகிற வண்டியை ஓட்டுகிறவன் ஏழை என்பதால் சத்தம் குறைந்துவிடுமா? என் மனைவிக்கு நெஞ்சு ஆபரேஷன் ஆகி ஒன்பது நாள்கூட ஆகவில்லை. முப்பது வருஷம் பாடம் எடுத்தவன் நான். பத்தாவது படிக்கிறவனுக்கு வண்டிச் சாவி கொடுக்கிற பெற்றோரைப் பார்த்துப் பார்த்து அலுத்துவிட்டது. 2019 மோட்டார் வாகனத் திருத்தச் சட்டப்படி சிறுவன் ஓட்டினால் பெற்றோருக்கு 25,000 ரூபாய் அபராதம், மூன்று வருஷம் வரை சிறை. யார் பயந்தார்கள்?

கொத்தளம்:
முடி விஷயத்தில் நம்ம ஊர் கொஞ்சம் பார்த்துப் பேச வேண்டும். கம்பெனி வெள்ளைக்காரர்கள் சிப்பாய்களிடம் தாடியை எடு, கடுக்கனைக் கழற்று, நெற்றிக் குறியை அழி, தோல் வைத்த புதுத் தலைப்பாகையைப் போடு என்றார்கள். 1806 ஜூலை 10 விடிவதற்குள் கோட்டைக்குள் என்ன ஆனது என்று எல்லோருக்கும் தெரியும். மதராஸ் கவர்னர் பென்டிங்கையே லண்டன் திருப்பிக் கூப்பிட்டுக்கொண்டது. அதிகாரம் தலையில் மாட்டச் சொன்னதை மாட்டமாட்டேன் என்பது இங்கே 200 வருஷப் பழக்கம்.

பென்ஷன்வாத்தியார்:
திப்புவின் பிள்ளைகள் அதே கோட்டையில் காவலில் இருந்ததை வசதியாக விட்டுவிட்டீர்கள். அது தலைப்பாகை மட்டும் சார்ந்த கதையில்லை. ஹெல்மெட் போடாததற்கு வேலூர்ப் புரட்சியை இழுக்கிற முதல் ஆளை இன்றைக்குத்தான் பார்க்கிறேன்.

கொத்தளம்:
இழுத்தது கொண்டைக்கு. ஹெல்மெட் நீங்களாகப் போட்டுக்கொண்டது.

முன்னாள்டியோ:
எல்லோருக்கும் வணக்கம். நான் அந்த இனம்தான். ரெண்டு வருஷம் செம்பட்டை, ஆறு மாசம் நீலம். இப்போது முதுகில் டெலிவரிப் பை, தலையில் ஹெல்மெட், அடியில் முடியே கம்மி. நீங்கள் பார்க்கவில்லை என்கிறீர்கள். நேற்று உங்கள் வீட்டுக்கு பிரியாணி கொண்டுவந்தது நானாகக்கூட இருக்கலாம்.

அகழிமுதலை அண்ணா ரசித்துத்தான் எழுதியிருக்கிறார், நானும் சிரித்தேன். ஆனால் ஒரு வண்டிக்கு மூன்று பேர் என்பது இடம்பெயர்வு இல்லை அண்ணா, பெட்ரோல். ஒருத்தன் காசில் டேங்க் ஈரம்கூட ஆகாது. ஆளுக்கு முப்பது ரூபாய் போட்டோம், மூன்று பேரும் ஏறினோம். காசு போட்டவனை எப்படி இறக்கிவிடுவது? அந்த டியோவும் யாருடையது என்று நினைக்கிறீர்கள்? கூட்டாளியின் அக்கா வேலைக்குப் போக ஃபைனான்ஸில் எடுத்தது. அவங்களுக்கு ஷிப்ட் இல்லாத நேரம்தான் எங்கள் நேரம். ராத்திரி 11 மணிக்கு ஏன் சுத்தினோம் என்று வாத்தியாருக்கு இப்போது புரியும்.

முடியும் அப்படித்தான். ஒன்பதாவதில் நின்றவனை எங்கள் தெருவில் பெயர் சொல்லிக் கூப்பிட ஆள் கிடையாது. கலர் அடித்த அன்றைக்கு பஸ் ஸ்டாண்டே திரும்பிப் பார்த்தது. திட்டினார்கள்தான், இருந்தாலும் பார்த்தார்களே. டிக்டாக்கில் முன்னூறு லைக் வந்த ராத்திரி தூக்கமே வரவில்லை.

சத்தம் தப்புதான் வாத்தியாரே. கூட்டாளி பள்ளிகொண்டா போகிற ரோட்டில் விழுந்து ஆறு மாசம் காலைத் தொங்கவிட்டுப் படுத்திருந்தான். அப்புறம்தான் நான் சைலன்சரைக் கழற்றிப் பரணில் போட்டேன்.

பென்ஷன்வாத்தியார்:
அக்காவுக்கு ஷிப்ட் என்பது எனக்குத் தோன்றவே இல்லை தம்பி. தூக்கம் கெட்டது கெட்டதுதான், அதை விட்டுக்கொடுக்கமாட்டேன். கூட்டாளி இப்போது நடக்கிறானா?

முன்னாள்டியோ:
நடக்கிறான் சார். கல்யாணமே ஆகிவிட்டது.

அகழிமுதலை:
கூண்டு என்று எழுதியதை எடுத்துக்கொள்கிறேன். மீதி நிற்கும். நானும் கஸ்பாவில் வளர்ந்தவன், மேலிருந்து பார்க்க எனக்கு மாடி கிடையாது. என் காலத்தில் பெல்பாட்டத்துக்கும் இதே கேலிதான்.

சிப்காட்ஷிப்ட்:
பெல்பாட்டத்தை விலங்கு என்று யாரும் சொல்லவில்லையே. சரி, நானும் ஒன்று எழுதுகிறேன், சிரிக்க முடிகிறதா பாருங்கள். பெயர்: காந்தி நகர் நடைப்பயிற்சி மாமா. தோற்றம்: அரை டிரவுசர், குரங்குக் குல்லா, கையில் நாய்க்காக ஒரு குச்சி. நாய் இதுவரை கிட்டே வந்ததில்லை. ஒலி: 'எங்க காலத்துல'. உணவு: சர்க்கரை இல்லாத காபி, அப்புறம் யாருக்கும் தெரியாமல் ஒரு மைசூர்பாகு. ஏரியாவில் புதுப் பையன் யாராவது நின்றால் உடனே எச்சரிக்கைக் குரல் எழுப்பும்.

பென்ஷன்வாத்தியார்:
குச்சி என்னுடையதுதான். மைசூர்பாகு பற்றி உங்களுக்கு யார் சொன்னது?

கொத்தளம்:
இந்த இனத்துக்கு அழிவே இல்லை.

வஞ்சூர்_17:
முன்னாள்டியோ அண்ணா, பரணில் இருக்கிற அந்த சைலன்சர் விற்பீங்களா? டியோவுக்கு உட்காருமா?

பென்ஷன்வாத்தியார்:
தம்பி, பெயருக்குப் பின்னால் இருக்கிற 17 என்ன, வயசா?

வஞ்சூர்_17:
இல்ல சார், ஜெர்ஸி நம்பர்.

முன்னாள்டியோ:
அது தர்றதுக்கில்ல தம்பி. ஆனா பழைய கம்பெனி சைலன்சர் ஒன்று கூடவே கிடக்குது, சத்தமே வராது. 800 ரூபாய். லைசென்ஸைக் காட்டினா 600.

வஞ்சூர்_17:
800-க்கே எடுத்துக்கறேன்ணா.