வீட்டுலயே படிக்கற பொண்ணு, கிராமர் ரைட்டிங்குக்கு எந்த புக்?

மஞ்சக்குப்பம்அம்மா:
பொண்ணுக்கு 12 வயசு, ரெண்டு வருஷமா வீட்டுலதான் படிக்கறா. ஆன்லைன்ல வாங்குன இங்கிலீஷ் கிராமர் ஒர்க்புக் பூரா கோடிட்ட இடத்த நிரப்பறதுதான், அதெல்லாம் கரெக்டா போட்டுடறா ஆனா சில்வர் பீச் போனத பத்தி அரை பக்கம் எழுதுடின்னா மூணு வரில முடிச்சிட்டு எந்திரிச்சிடறா. தமிழ்ல ஒற்று வேற தகராறு. வேற சிலபஸ் மாத்திடலாமா?

கெடிலக்கரை:
மாத்தாதீங்கக்கா, காசுதான் தண்டம். கிராமர் தினம் பத்து நிமிஷம் போதும். அவ எழுதுன குட்டி வாக்கியத்துலயே ரெண்ட எடுத்து பிகாஸ், ஆல்தோ போட்டு ஒண்ணா சேக்க சொல்லுங்க, என் பையனுக்கு அதுலதான் கை ஓட ஆரம்பிச்சுது.

பாண்டிக்காரன்:
ஒற்றுக்கு தமிழ்நாடு பாடநூல் 6லருந்து 8 வரைக்கும் பிடிஎஃப் ஃப்ரீயா கெடைக்குது. விதிய ஒப்பிக்க வெக்காதீங்க, ஜோடியா காட்டுங்க. 'அந்தப் பையன்'ல ப் வரும், 'வந்த பையன்'ல வராது, ஏன்னு அவளே கேப்பா. என்ஐஓஎஸ்ல (தேசிய திறந்தநிலைப் பள்ளி போர்டு) பத்தாவதுக்கு எப்படியும் 14 வயசு ஆகணும், அவசரமே இல்ல.

மஞ்சக்குப்பம்அம்மா:
நேத்து அவ மீன் வாங்கப் போன கதைய போன்ல ரெக்கார்ட் பண்ணி, அத கேட்டு கேட்டு எழுத சொன்னேன். ஒன்றரை பக்கம்! ஃபுல்ஸ்டாப்தான் ஒண்ணு கூட இல்ல 😄